மாரிக்கு முந்தி கூரை ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி?

இலங்கையின் வன்னிப் பகுதியில் வருஷத்து மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே கூரை வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள், மழை பிடித்த பிறகு மேசனும் கிடைக்கமாட்டார், தகரமும் வழுக்கும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர், அப்படிப் பார்த்தால் 550 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 5,100 லீற்றர் விழும். அதில் ஒரு ஆணி ஓட்டைக்குள்ளால் வருவது கொஞ்சம்தான், ஆனால் மெத்தையை ஊறவைக்க அது காணும்.

முதல் வேலை ஓட்டையைத் தேடுவது. புதிதாகச் செய்கிறவர்கள் சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே ஏறித் தார் பூசிவிட்டு இறங்குவார்கள், அடுத்த மழைக்கும் அதே இடத்தில் வாளி வைப்பார்கள். மேலே எங்கேயோ புகுந்த தண்ணீர் கூரையைத் தாங்குகிற மரங்களான சலாகையையும் வளையையும் பிடித்துக்கொண்டு கீழே ஓடிவந்துதான் சொட்டுகிறது. அதனால் சொட்டுகிற இடத்தில் தொடங்கி முகட்டுப் பக்கமாகத் தேடுங்கள்.

தகரக் கூரை என்றால் நல்ல வெயிலில் கதவு யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பாருங்கள். ஓட்டையெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்கைக் குத்தி விட்டால் மேலே ஏறியவருக்குத் தேடுகிற வேலையில்லை. ஓட்டு வீட்டில் இது சரிவராது, ஓட்டு இடைவெளியால் எப்படியும் வெளிச்சம் வரும். அங்கே கறுத்துப்போன சலாகையையும் ஈரக்கறையையும் பார்க்க வேண்டும். மாரி மழை வடகிழக்குக் காற்றோடு சரிந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் பாருங்கள்.

சரி, இனி அடைப்பது. தகரத்தில் ஆணி மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் அடித்திருந்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி. தளர்ந்த ஆணியைக் கழற்றி, ரப்பர் வாஷரோடு கொஞ்சம் தடித்த ஆணி போடுங்கள். சின்ன ஓட்டை என்றால் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, சீலன்ட் என்கிற அடைக்கும் பசையைப் பூசினால் போதும். பெரிய ஓட்டைக்குத் தகரத் துண்டு வைக்கும்போது அதன் மேல்விளிம்பு மேலேயுள்ள தகரத்துக்கு அடியில் போக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அதற்குள்ளேயே இறங்கும்.

ஓட்டு வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் குரங்குதான் பிரச்சினை. மரத்திலிருந்து பாய்ந்து ஓடுகளை உடைக்கும், விலக்கியும் விட்டுவிடும். உடைந்த ஓட்டில் சீமெந்து பூசி மினக்கெட வேண்டாம், அது ஒரு வெயிலுக்கே வெடிக்கும். மேல்வரிசை ஓடுகளை மெல்லத் தூக்கி, உடைந்ததை இழுத்து எடுத்து, புதியதன் மூக்கு சலாகையில் கொழுவும்வரை தள்ளுங்கள். கையை விடுமுன் தேள் இருக்கிறதா என்று பாருங்கள். கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொப்புகளையும் தறித்துவிட்டால் குரங்கின் வரத்துக் குறையும்.

அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஒருநாளும் நேரே கால் வைக்காதீர்கள், உடைந்து விழுவீர்கள். ஆணி வரிசைக்கு மேலாகப் பலகை போட்டு அதில் நில்லுங்கள். அதை அரத்தால் தேய்ப்பதோ வெட்டுவதோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஆணித்தலையில் சீலன்ட் பூசுவதோடு நிறுத்திவிட்டு, வெடிப்பு என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இறங்குமுன் கூரைத் தண்ணீர் வடிகிற பீலியில் கிடக்கும் வேப்பஞ்சருகை அள்ளிவிடுங்கள். அப்புறம் ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் ஹோஸ் பைப்பால் தாவாரத்திலிருந்து முகடு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டு போகட்டும். எந்த வரிசையை நனைக்கும்போது உள்ளே சொட்டுகிறதோ, மிச்ச வேலை அந்த வரிசையில்தான் இருக்கிறது.