காலாண்டு விடுமுறையில் தோழிகளைத் தேடிப் போனேன்

வகுப்பில் நாள் முழுக்கப் பேசி முடித்தால் மாலையில் யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கத் தெம்பு இருக்காது. பி.எட். தோழிகளோடு இருந்த நெருக்கம் இப்படித்தான் தேய்ந்து, வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படங்களோடு நின்றுவிட்டது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் காலாண்டு விடுமுறையில் அதைச் சரிசெய்தேன். விடைத்தாள் கட்டைக் காபி குடித்த கையோடு எடுத்துவிடுவேன். பதினொரு மணிக்குச் சிவப்புப் பேனாவை மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். பகலில் பேச்சைக் குறைத்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். குரல் திரும்பியது.

அப்புறம், குழுவில் பொதுவாக எழுதாமல் தனித்தனியாகக் கூப்பிட்டேன். 'எப்படி இருக்கே?' என்றால் 'நல்லா இருக்கேன்' என்பதோடு முடிந்துவிடும். அதனால் 'கொலு வச்சிருக்கியா, வரட்டுமா?' என்று கேட்டேன். நவராத்திரி பெரும்பாலும் இந்த விடுமுறையை ஒட்டித்தான் வரும். கொலு பார்க்கப் போவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ரயிலில் போய் இறங்கினேன். "வாடி, எவ்வளவு நாளாச்சு!" என்று கும்பகோணத்துத் தோழி கையைப் பிடித்து வீட்டுக்குள்ளே இழுத்தாள். கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அவள் மகன் பிளாஸ்டிக் டைனோசரை நிறுத்தியிருந்தான். கொண்டைக்கடலைச் சுண்டல் கிண்ணம் கையில் இருக்க, அவள் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றியும் மாற்றலுக்கு அலைந்ததைப் பற்றியும் சொன்னாள். போனில் இதையெல்லாம் சொல்லியிருக்கவே மாட்டாள்.

இப்போது ஞாயிறு மாலைகளில் பேசிக்கொள்கிறோம். டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு அவள் தஞ்சாவூர் வருகிறாள். திருச்சித் தோழியையும் வரச் சொல்லியிருக்கிறோம்.