சோலார் பேனல், பாய்லர், வெப்பத் தொட்டி: மூன்றையும் ஒன்றாக இணைப்பது எப்படி?

நீரைச் சூடாக்கும் சோலார் பேனலும் பாய்லரும் ஒரே தொட்டிக்கு வெப்பம் தரப்போகின்றன என்றால், தொட்டியில் எந்தப் பகுதி யாருக்கு என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். அடிப்பகுதி வெயிலுக்கு, மேற்பகுதி பாய்லருக்கு. இந்தப் பங்கீடு தவறினால் எவ்வளவு நல்ல பேனலாக இருந்தாலும் வீண். விடியற்காலையிலேயே பாய்லர் தொட்டி முழுவதையும் 65 டிகிரிக்கு ஏற்றிவிடும். காலைப் பத்து மணிக்குப் பேனல் 60 டிகிரியை எட்டும்போது அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இருக்காது. சோலார் பம்ப் ஓடாது, எரிபொருள் செலவும் குறையாது.

தொட்டி

சூடான நீர் மேலும் குளிர்ந்த நீர் கீழுமாக அடுக்கடுக்காக நிற்பதை நம்பியே இந்த அமைப்பு இயங்குகிறது. ஆகவே தொட்டி நெட்டையாக இருக்கட்டும். விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரமாவது வேண்டும். படுக்கை வசத்தில் வைத்த தொட்டியில் அடுக்குகள் சீக்கிரம் கலந்துவிடும்.

ஒரு சதுர மீட்டர் பேனலுக்குச் சுமார் 50 லிட்டர் வீதம் அடியில் வெயிலுக்கென ஒதுக்குங்கள். 6 சதுர மீட்டர் பேனலுக்கு 300 லிட்டர். அதற்கு மேலே உள்ளது பாய்லரின் பங்கு. தேவைப்படும்போது உடனே எரியும் கேஸ், ஆயில் பாய்லர்களுக்கு இந்தப் பங்கு சிறிதாக இருந்தால் போதும். விறகு பாய்லர் அப்படியல்ல. பற்றவைத்த விறகை நடுவில் நிறுத்த முடியாது. கிலோவாட்டுக்கு 50 லிட்டராவது கொள்ளளவு வேண்டும் என்பதால், 15 கிலோவாட் பாய்லருக்கு 750 லிட்டர் ஆகும். வெயில் உள்ள மாதங்களில் விறகு பாய்லரை மாலையில் மட்டும், அரைக் கொள்ளளவு விறகோடு மூட்டினால் அடிப்பகுதி மறுநாள் வெயிலுக்குக் குளிர்ந்தே இருக்கும்.

இணைப்புகள் எந்த உயரத்தில் அமைகின்றன என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். பேனலில் சூடான திரவம் தொட்டிக்குள் ஓடி வெப்பத்தைத் தரும் சோலார் சுருள்குழாய் அடியில் இருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பேனலுக்கு அதன் பரப்பு 0.2 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, 0.3 இருந்தால் நல்லது. பாய்லரிலிருந்து வரும் சூடான குழாய் தொட்டியின் உச்சியில் சேரட்டும். பாய்லருக்குத் திரும்பும் குழாயைச் சோலார் சுருளுக்குச் சற்று மேலே இருந்து எடுங்கள். பலர் அதைத் தொட்டியின் அடியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பாய்லர் தொட்டி முழுவதையும் சூடாக்குவதற்கு அதுவே காரணம்.

அறையைச் சூடாக்கும் வளையத்திலிருந்து திரும்பும் நீர் எங்கே சேர வேண்டும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. தரைக்கடிக் குழாயிலிருந்து 30 டிகிரியில் திரும்பினால் அடியில் விடலாம். ரேடியேட்டரிலிருந்து 45 டிகிரியில் திரும்பும் நீரை நடுப்பகுதியில்தான் விட வேண்டும். அடியில் விட்டால் வெயிலுக்குரிய குளிர்ந்த நீரை அது கெடுத்துவிடும்.

குளியலறைக்குப் போகும் குழாயில் தெர்மோஸ்டாட் மிக்ஸிங் வால்வைப் போட்டு 50 டிகிரிக்கு மேல் போகாமல் வையுங்கள். வெயில் நாளில் தொட்டியின் மேற்பகுதி 85 டிகிரியைத் தொடும். இந்த வால்வு இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும்.

சோலார் வளையம்

பேனலுக்கும் சுருள்குழாய்க்கும் இடையே திரவம் சுற்றிவரும் பாதைதான் சோலார் வளையம். தொட்டியிலிருந்து பேனலுக்குப் போகும் குளிர்ந்த குழாயில்தான் பம்ப் வர வேண்டும். அதையடுத்து திரவத்தை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு, பிறகு 6 பார் அழுத்தத்தில் திறக்கும் சேஃப்டி வால்வும், சூட்டில் விரியும் திரவத்தை ஏற்கும் எக்ஸ்பான்ஷன் டேங்கும், பிறகு பேனல். பேனலுக்கும் சேஃப்டி வால்வுக்கும் இடையே மூடக்கூடிய வால்வு எதுவும் இருக்கவே கூடாது. யாராவது தவறுதலாக அதை மூடிவிட்டால் பேனலில் உருவாகும் நீராவிக்கு வெளியேற வழியில்லை. சேஃப்டி வால்வின் வெளிக்குழாயை ஒரு கேனுக்குள் விட்டுவையுங்கள். திரவம் வெளியேறியிருந்தால் பார்த்ததும் தெரியும்.

எக்ஸ்பான்ஷன் டேங்க் பேனலில் உள்ள திரவம் முழுவதையும் ஏற்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மின்சாரம் போய்ப் பம்ப் நின்ற மத்தியானத்தில் பேனலுக்குள் நீராவி நிறைந்து, திரவத்தை அங்கேதான் தள்ளும். அதற்குப் போகும் குழாயைக் கீழ்நோக்கி இறக்கி, அந்தத் துண்டுக்கு மட்டும் இன்சுலேஷன் போடாதீர்கள். அப்போதுதான் டேங்குக்குள் காற்றையும் திரவத்தையும் பிரிக்கும் ரப்பர் சவ்வு சூட்டில் வீணாகாது.

திரவம் ஓடாமல் வெயிலில் நிற்கும் தட்டைப் பேனல் 200 டிகிரியை நெருங்கும். வெற்றிடக் குழாய்ப் பேனல் அதையும் தாண்டும். பேனல் அருகே ஈயப் பற்றாசு உருகிவிடும், ஆகவே திருகு இணைப்போ பித்தளைப் பற்றவைப்போதான் சரி. பிளாஸ்டிக் குழாய் கூடாது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் கூடாது. திரவம் உறையாமலிருக்கக் கலக்கும் கிளைகால் அந்தப் பூச்சை அரித்துவிடும். குழாயைச் சுற்ற இ.பி.டி.எம். ரப்பர் அல்லது கனிமக் கம்பளி பயன்படுத்துங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலித்தீன் நுரை உருகி வழியும்.

உறைபனி உள்ள இடங்களில் புரோப்பிலீன் கிளைகால் 40 சதவீதம் கலந்த திரவம் ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும். எத்திலீன் கிளைகால் நச்சு. வீட்டு நீரமைப்பில் அதற்கு இடமில்லை.

நிரப்புதல்

அதிகாலையில், அல்லது பேனலைத் துணியால் மூடிவிட்டு நிரப்புங்கள். முதலில் எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்றழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். வளையம் காலியாக இருக்கும்போதுதான் அது முடியும். உயரத்தில் மீட்டருக்கு 0.1 பார், அதோடு 1.5 பார் என்பது நிரப்பு அழுத்தம். பேனல் 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் 2.1 பார் வரும். டேங்கின் காற்றை அதைவிட 0.3 குறைவாக, 1.8 பாரில் வையுங்கள். பிறகு நிரப்பும் பம்பை அரை மணி நேரம் ஓட்டிக் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். கூரையில் தானியங்கிக் காற்று வால்வு இருந்தால் அதன் கீழுள்ள அடைப்பை மூட மறக்காதீர்கள். திறந்திருந்தால் நீராவி அந்த வழியே போய்விடும்.

ஓட்டம் சதுர மீட்டருக்கு மணிக்கு 30 முதல் 40 லிட்டர். 6 சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர் வரும்.

கன்ட்ரோலர்

பேனல் தொட்டியின் அடியைவிட 8 டிகிரி கூடுதலாக இருந்தால் பம்ப் ஓட வேண்டும், வித்தியாசம் 4 டிகிரிக்கு இறங்கினால் நிற்க வேண்டும். இந்த இடைவெளியைக் குறைத்தால் பம்ப் விட்டுவிட்டு ஓடும். தொட்டியின் உச்சவரம்பு 85 டிகிரி. பேனல் 130 டிகிரியைத் தாண்டியிருந்தால் அது ஆறும்வரை பம்ப் ஓடக்கூடாது.

பாய்லரின் சென்சார் தொட்டியின் மேல் மூன்றில் ஒரு பகுதியில், பாய்லரின் திரும்பு குழாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வெயில் நேரத்தில் பாய்லர் எரியாதபடி டைமரில் காலை முதல் மாலை நான்கு மணி வரை தடுத்துவையுங்கள். விறகு பாய்லருக்குத் திரும்பும் நீர் 60 டிகிரிக்குக் குறையாமல், சூடான நீரைக் கலந்துவிடும் லோடிங் வால்வு காக்க வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே தார் படிந்து இரும்பு அரிக்கும். மின்தடையின்போது அதன் வெப்பம் பம்ப் இல்லாமலே ஒரு ரேடியேட்டருக்குப் போய்ச் சேரும் வழியையும் கட்டாயம் அமைக்க வேண்டும்.

கோளாறுகள்

முழு வெயிலில் சூடான குழாய்க்கும் குளிர்ந்த குழாய்க்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருப்பது சரி. 25க்கு மேல் போனால் ஓட்டம் போதவில்லை, பெரும்பாலும் காற்று அடைத்திருக்கும்.

நள்ளிரவில் பேனல் சென்சார் வெளிக்காற்றைவிட வெகுவாகச் சூடாகக் காட்டுகிறதா? நான்-ரிட்டர்ன் வால்வில் தூசி சிக்கியிருக்கும். தொட்டியின் வெப்பம் தானாகக் கூரைக்கு ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

கன்ட்ரோலரில் நம்ப முடியாத எண் தெரிந்தால் சென்சாரைக் கழற்றி அதன் மின்தடையை ஓம் மீட்டரில் பாருங்கள். வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பி.டி.1000 சென்சார் 0 டிகிரியில் 1000 ஓம், 25 டிகிரியில் ஏறக்குறைய 1097 ஓம், 100 டிகிரியில் 1385 ஓம் காட்டும். எண்ணே வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது.

ஒவ்வொரு கடும் வெயிலுக்குப் பிறகும் அழுத்தம் இறங்கினால் எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்றைச் சோதியுங்கள். கேனில் திரவம் சேர்ந்திருந்தால் கோளாறு அங்கேதான் என்பது ஏறக்குறைய உறுதி. ஆண்டுக்கொரு முறை திரவத்தில் சிறிது எடுத்துக் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் பாருங்கள். பி.எச். 7க்குக் கீழே இறங்கி, நிறம் கறுத்து, நாற்றமும் அடித்தால் கிளைகால் சிதைந்து அமிலமாகிவிட்டது. முழுவதையும் வடித்து, வளையத்தைக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பழையதன்மேல் புதியதை ஊற்றினால் அதுவும் சீக்கிரம் கெடும்.