சென்னை வானொலிச் செய்தியை எவ்வளவு நம்பலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து சென்னையில் குடியேறுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இங்கே தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. சூரியன், ஹலோ, மிர்ச்சி என எதைத் திருப்பினாலும் பாட்டும் பேச்சும் விளம்பரமும்தான். அரசு வானொலியான ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்ப மட்டும் விதி இடம் தருகிறது. ஆகவே, எந்த நிலையத்தில் செய்தி கேட்டாலும் அது ஆகாசவாணியின் செய்திதான். அதன் சாய்வு என்ன என்று அறியாமல் கேட்கக்கூடாது.

காமராஜர் சாலையில் இருக்கும் ஆகாசவாணியின் சென்னை நிலையம் 1938இல் தொடங்கியது. மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸிலும், பண்பலையில் 101.4, 102.3 ஆகிய அலைவரிசைகளிலும் கிடைக்கும். நிர்வாகம் இந்தியாவின் பொது ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதியின் கையில். அதற்கான சட்டம் 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அது தன்னாட்சி அமைப்பு. ஆனால் பணத்துக்குப் பெரிதும் மத்திய அரசையே நம்பியிருக்கிறது. 2020இல் பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் சந்தாவை நிறுத்திய பிரசார் பாரதி, 2023இல் இந்துஸ்தான் சமாச்சார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. பா.ஜ.க.வின் தாய் அமைப்பான ஆர்.எஸ்.எஸ். சார்புள்ளது என்று அறியப்பட்ட நிறுவனம் அது. செய்தி எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்பதைக் கேட்பவர் மறக்கக்கூடாது.

இதனால் ஆகாசவாணி பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேட்டூர் அணை 120 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எவ்வளவு நீர் திறக்கிறார்கள், புயல் எங்கே கரை கடக்கும், பள்ளிகளுக்கு விடுமுறை உண்டா என்பவற்றுக்கு இதைவிட நிதானமான குரல் சென்னையில் இல்லை. மழைக்காலத்தில் வாட்ஸ்அப் வதந்தியை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவதைவிட, மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். மின்சாரமும் கைப்பேசியும் நின்றுபோனாலும் அது பேசும்.

சாய்வு வேறிடத்தில் இருக்கிறது: எதை முதலில் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமலே விடுகிறார்கள். மத்தியிலும் மாநிலத்திலும் வெவ்வேறு கட்சிகள் ஆளும்போது, ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் பிணக்கு முற்றும் நாளில் கவனியுங்கள். இரு தரப்பும் பேசுகின்றனவா? மத்திய அமைச்சரின் அறிவிப்புக்கு எத்தனை வாக்கியம், எதிர்க்கட்சியின் மறுப்புக்கு எத்தனை? அதே செய்தியை மறுநாள் தினமணியிலும் இந்து தமிழ் திசையிலும் படியுங்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரையும் தி.மு.க.வின் முரசொலியையும் சேர்த்துப் படித்தால் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். இவ்விரண்டும் தாம் கட்சி ஏடுகள் என்பதை ஒளிப்பதில்லை. நம் தொலைக்காட்சிகளிலும் பல இப்படித்தான், எது எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரசு வானொலியின் குரலோ எந்தக் கட்சி வண்ணமும் பூசாதது போல ஒலிக்கிறது. புதிதாக வருபவர் ஏமாறுவது அங்கேதான்.

ஈழத்திலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நட்பு நாடுகளை விமர்சிக்கக்கூடாது என்பது ஆகாசவாணியின் ஒலிபரப்பு நெறிகளில் ஒன்று. மீனவர் கைது, கச்சத்தீவு, போருக்குப் பிந்தைய வடக்கு கிழக்கு ஆகியவை பற்றிய செய்தி வெளியுறவுத் துறையின் அளந்த சொற்களில் வந்தால், அது உங்கள் வலியை அறியாததால் என்று எண்ண வேண்டாம். அந்த வரம்புக்குள் நின்றுதான் பேசுகிறார்கள். முழுச் சித்திரத்துக்கு யாழ்ப்பாணத்து நாளிதழ்களை இங்கிருந்தபடியே தொடர்ந்து படியுங்கள்.

தேர்தல் வந்தால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வானொலியில் இலவசமாகப் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். உரையின் எழுத்துப்படியை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றாலும், எல்லாத் தரப்பும் ஒரே நிலையத்தில் தம் குரலிலேயே பேசுவதைக் கேட்க அந்த வாரங்களில்தான் முடியும். அந்த நேரப்பட்டியலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.