துறைமுகத் திட்ட அறிக்கைகளைக் கேட்டுப் பெறுவது எப்படி? கொழும்பில் வசிப்போருக்கான செய்முறை விளக்கம்

கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ முகத்துவாரத்திலோ வசிக்கும் ஒருவருக்குத் துறைமுகம் என்பது தூரத்து விடயம் அன்று. கொள்கலன் லொறிகள் செல்லும் வீதியும், கடலில் அகழப்படும் மணலும், மீன்பிடி வள்ளங்கள் செல்லக்கூடிய கடற்பரப்பும் துறைமுகத் திட்டங்களால் மாறுகின்றன. அந்த மாற்றம் எதன் அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் அறிக்கைகளைப் பார்க்க சட்டம் நமக்கு உரிமை தருகிறது. முன் அனுபவம் இல்லாதவர்களும் அந்த உரிமையைப் பயன்படுத்தக்கூடியவாறு இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: எந்த அறிக்கை வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

"துறைமுகத் திட்டம் பற்றிய தகவல் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். ஒரு திட்டம் பல கட்டங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வேறோர் ஆவணம் உருவாகிறது. அந்த ஆவணம் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறது. திட்டம் நடைமுறைக்கு உகந்ததா என்று ஆராயும் சாத்தியவள அறிக்கையை இலங்கை துறைமுக அதிகாரசபையிடமோ துறைமுக விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சிடமோ கேட்க வேண்டும். திட்டத்தால் சுற்றாடலுக்கு ஏற்படக்கூடிய பாதிப்புகளை ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்க வேண்டும். திட்டம் முழுமையாகக் கரையோர வலயத்துக்குள் அமைந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும், தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் பொதுவாகக் கரையோர வலயத்தின் எல்லைகளாகும்.

திட்டத்தின் பெயருடன் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளுடன் இணைந்து அபிவிருத்தி செய்வதற்கு 2019 மே மாதத்தில் உடன்பாடு காணப்பட்டது. 2021 பெப்ரவரியிலோ, அதனைத் துறைமுக அதிகாரசபையே முழுமையாக நடத்தும் என்று அமைச்சரவை தீர்மானித்தது. முனையத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் திட்டங்கள் இரண்டு என்பதால், ஆண்டைக் குறிப்பிடாமல் கேட்பவரின் கைக்குத் தவறான அறிக்கை வந்துசேரக்கூடும்.

படி 2: ஏற்கெனவே வெளியானதைத் தேடுங்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்காக ஒதுக்குங்கள். அமைச்சரவைத் தீர்மானங்கள் வாராந்தம் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படுகின்றன; அவற்றில் திட்டத்தின் சரியான பெயரும் தீர்மானத் திகதியும் கிடைக்கும். துறைமுக அதிகாரசபையின் கணக்குகள் மீது கணக்காய்வாளர் நாயகம் தரும் வருடாந்த அறிக்கைகளையும், அரச நிறுவனங்களின் நிதிச் செயற்பாட்டை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழு அறிக்கைகளையும் பாருங்கள். திட்டம் தொடங்கிய பின்னர் பணம் எப்படிச் செலவானது என்பதை அறிய இவற்றைவிட நல்ல ஆவணங்கள் குறைவு. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டமானால், கடன் கொடுத்த நிறுவனத்தின் இணையத்தளத்தையும் தவறாமல் பாருங்கள். கொழும்புத் துறைமுக விரிவாக்கத்தின் அலைதாங்கிக்காக 2007ஆம் ஆண்டில் 300 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்த ஆசிய அபிவிருத்தி வங்கி, அத்திட்டம் தொடர்பான பல ஆவணங்களைத் தன் தளத்தில் வெளியிட்டுள்ளது.

படி 3: முப்பது நாள் அவகாசத்தைத் தவறவிடாதீர்கள்

மற்றெல்லாப் படிகளையும்விட இதற்கே நான் அதிக முக்கியத்துவம் தருகிறேன், ஏனெனில் திட்டம் அங்கீகரிக்கப்படுவதற்கு முன்னரே பொதுமக்கள் அறிக்கையைப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்லச் சட்டம் வகுத்த கட்டம் இதுதான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, விதித்துரைக்கப்பட்ட திட்டம் (இத்தகைய அங்கீகாரம் கட்டாயம் என வர்த்தமானியில் பட்டியலிடப்பட்ட திட்டம்) ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும், அதனை எங்கே பார்வையிடலாம் என்ற அறிவித்தல் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வெளிவர வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் கருத்துத் தெரிவிக்கலாம். துறைமுகங்களின் நிர்மாணம் 1993ஆம் ஆண்டின் வர்த்தமானியில் விதித்துரைக்கப்பட்ட திட்டங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. கரையோரம் பேணல் சட்டத்திலும் இதனை ஒத்த நடைமுறை உண்டு.

கொழும்புத் துறைமுக நகரத்தை எண்ணிப் பாருங்கள். 2014 செப்டெம்பரில் தொடங்கிய வேலை 2015 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்டது. அதன் பிறகு தயாரிக்கப்பட்ட துணைச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் கருத்துக்காகத் திறக்கப்பட்டது. 269 ஹெக்டேயர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்பதற்கு எங்கிருந்து மணல் எடுக்கப்படும் என்பது நீர்கொழும்பு மீனவர்களுக்கு வாழ்வாதாரக் கேள்வியாக இருந்தது. அத்தகைய கேள்விகளுக்கான தரவுகள் இந்த அறிக்கைகளுக்குள்தான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஓர் ஆவணத்தைப் படிக்க 30 நாட்கள் போதாது என்பதே என் கருத்து. ஆகவே அறிவித்தல் வந்த முதல் வாரத்திலேயே அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். முதலில் சுருக்கத்தையும், அடுத்ததாக மாற்றுத் திட்டங்கள் பற்றிய அத்தியாயத்தையும் படியுங்கள்; பாதிப்புக் குறைந்த மாற்று வழிகள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன என்பதை அறிக்கை சொல்லியாக வேண்டும். கருத்தை எழுதும்போது பக்க எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு பந்திக்கு ஒரு கேள்வி என்ற முறையில் எழுதினால், பதிலளிப்பவர் அதனைத் தட்டிக்கழிப்பது கடினம்.

படி 4: தகவல் கோரிக்கையை எழுதுங்கள்

தேடியும் கிடைக்காத ஆவணத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. இலங்கைப் பிரஜை எவரும் கோரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. படிவம் இருக்கிறது, ஆனால் சாதாரணக் கடிதமும் போதும். உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, பின்வருமாறு எழுதலாம்:

"கொழும்புத் துறைமுகத்தின் (இன்ன) முனைய விரிவாக்கம் தொடர்பாக (இன்ன) ஆண்டு முதல் இன்றுவரை தயாரிக்கப்பட்ட சாத்தியவள அறிக்கையின் பிரதி, அதனைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட பணி விபரம், அந்த அறிக்கை குறித்துத் தங்கள் பணிப்பாளர் சபை எடுத்த தீர்மானம் அடங்கிய கூட்டக் குறிப்பின் பகுதி ஆகியவற்றை மின்பிரதியாகத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்காமல் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றை வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் அரசுடன் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. தருவதா மறுப்பதா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இதே சட்டத்தின் 9ஆம் பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டங்கள் பற்றிய தகவல்களை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என அது கூறுகிறது. அவசரத் திட்டங்களுக்கு மட்டும் ஒரு வாரம் போதும். எந்தத் துறைமுகத் திட்டமும் இத்தொகைகளைத் தாண்டும் என்பதால், கோரிக்கையில் இந்தப் பிரிவை மேற்கோள் காட்டுவது பயனுள்ளது.

படி 5: மறுத்தால் மேன்முறையீடு செய்யுங்கள்

துறைமுக ஒப்பந்தங்களுக்கு அடிக்கடி சொல்லப்படக்கூடிய காரணம் வர்த்தக இரகசியம் என்பதாகும். தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அத்தகைய விலக்கை அனுமதிப்பது உண்மைதான்; ஆனால் வெளிப்படுத்துவதால் விளையும் பொதுநலன், அதனால் வரும் பாதிப்பைவிட மேலோங்குமாயின் தகவலைத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரகசியமான பகுதியை நீக்கி மீதியைத் தருமாறு 6ஆம் பிரிவின் கீழ் கேளுங்கள். அமைச்சரவைப் பத்திரம் என்று சொல்லி மறுத்தால், தீர்மானம் எடுக்கப்படாத பத்திரத்துக்கே அந்த விலக்கு உரியது என்பதைச் சுட்டிக்காட்டித் தீர்மானத்தின் திகதியை இணையுங்கள்.

முதலாவது மேன்முறையீட்டை, மறுப்புக் கிடைத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீடுகளை விசாரிக்கும் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பதிலே வராவிட்டாலும் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையேல் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை பற்றிய ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை செல்ல வழியுண்டு. ஆணைக்குழுவுக்கு அனுப்பும்போது முதற் கோரிக்கை, பெற்றுக்கொண்டதற்கான சான்று, மறுப்புக் கடிதம், முதல் மேன்முறையீடு ஆகியவற்றின் பிரதிகளைத் திகதி வரிசையில் இணைத்து அனுப்புங்கள்.

படி 6: அங்கீகாரத்துக்குப் பின்னரும் கேளுங்கள்

சுற்றாடல் அங்கீகாரம் பெரும்பாலும் நிபந்தனைகளுடன் வழங்கப்படுகிறது. மணல் எடுக்கும் இடம், கடலரிப்பைக் கண்காணிக்கும் முறை, மீனவர்களுக்கான நட்டஈடு போன்றவை அவற்றில் இடம்பெறலாம். அங்கீகாரக் கடிதத்தையும் அதன் பின்னரான கண்காணிப்பு அறிக்கைகளையும் 4ஆம் படியில் சொன்ன முறையிலேயே கோருங்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, முந்தைய பதிலின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, அதற்குப் பின்னர் தயாரான அறிக்கைகளை மட்டும் கேட்டால் அலுவலருக்கும் தேடுவது எளிது.