தவறிய இடத்திலிருந்து ஊழியத்துக்குத் திரும்ப: ஒரு பால்வெட்டுக்காரி சொல்லும் வழி

எனக்கு 57 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் ஒரு மேட்டுக் கிராமத்தில் 31 வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். புதன் சாயங்காலமும் ஞாயிறு மத்தியானமும் படுக்கையில் கிடக்கிறவர்களின் வீடுகளுக்குப் போகிறேன். அவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கேட்டால் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வருவேன். அங்கே, வீட்டுக்காரர்கள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "நான் செய்ததற்குப் பிறகு ஆண்டவர் என்னை எதற்காவது எடுப்பாரா அக்கா?" எடுப்பார். எப்படி என்பதை நான் நடந்த வழியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும்.

2009-இல் எங்கள் சபைப் பெண்கள் 15 பேர் சேர்ந்து சிறுசேமிப்பு நடத்தினோம். வாரம் 50 ரூபாய், 60 வாரம், கிறிஸ்துமஸுக்கு முன் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. பணம் என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. என் மகனுக்கு வளைகுடா விசா வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். விசாவும் வரவில்லை, ஆளும் வரவில்லை. என் பங்கைக் கழித்தால் மற்ற 14 பேருக்கு 42,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. பிரிக்கும் நாளில் முற்றத்தில் கூடியவர்களிடம், நான் பால் வெட்டப் போயிருந்தபோது யாரோ டின்னை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"காலையில் வீட்டுக்கு யார் வந்தது?" என்று கேட்டார்கள். ஒரு அக்காவின் பெயரைச் சொன்னேன். அவர் விதவை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறவர். கைக்குத் தேய்த்துக்கொள்ள என்னிடம் அடுப்புச் சாம்பல் வாங்க வந்திருந்தார். வந்தது உண்மைதான். அந்த உண்மையைத்தான் சொன்னேன். என் பொய்யைவிடக் கொடியது அந்த உண்மை. இரண்டு மாதத்தில் அவர் சபைக்கு வருவதை நிறுத்தினார். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கம் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஆறு வருடம் அதே சபையில் பாடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் தவறு வேறாக இருக்கலாம். குடியாக, வட்டிக்காசாக, பெற்றோரைக் கைவிட்டதாக இருக்கலாம். எதுவானாலும் அதை முழு வாக்கியமாக எழுதுங்கள். "நான் பாவி" என்பது எல்லாருக்கும் பொருந்தும் ஜெபம், அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் நிறைய உண்டு. யாருக்கு, என்ன, எவ்வளவு என்று எழுதினால் ஒளிய முடியாது. 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். தாவீது ராஜா யாரோடு பாவம் செய்தாரோ அந்தப் பத்சேபாளின் பெயரும், அதைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசியின் பெயரும் அங்கேயே நிற்கின்றன. தாவீதின் மனந்திரும்புதலை அந்தப் பெயர்களோடு சேர்த்தேதான் சபை இன்றுவரை வாசிக்கிறது. நான் என் வாக்கியத்தை மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பணத்தைப் பற்றி எழுத ஐந்து நிமிடம் ஆனது. அந்த அக்காவின் பெயரை எழுத மூன்று நாள் ஆனது. எந்த வரி எழுத வரவில்லையோ, உங்கள் காயம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, யாரிடம் சொல்வது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் வருந்தினான், அதற்காக வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன்" என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் அவன் சொன்னது பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்டுத் தனியே நடந்து போனவன் திரும்பவே இல்லை. ஆகவே "அது உன்பாடு" என்று சொல்லாத ஒருவரைத் தேடுங்கள். பதவியைப் பார்க்காதீர்கள். பிறருடைய கதையை அவர் உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் உங்கள் கதையும் அப்படித்தான் போகும். நான் என் மைனியிடம், அதாவது அண்ணியிடம், சொன்னேன். அவர் அழவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. "எப்போது போகப்போகிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். சபையில் சாட்சி சொல்வதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. எங்கள் மாவட்டத்து நெய்யூரில் மிஷனரிகள் மருத்துவ ஊழியம் தொடங்கியது 1838-இல். மருந்தும் ஜெபமும் ஒரே வளாகத்தில் இருந்த மண் இது.

இனி கடினமான பகுதி. தேவன் மன்னிப்பதும் மனிதர் நம்புவதும் இரண்டு காரியங்கள். மன்னிப்பு கிருபை, கேட்ட அன்றே கிடைக்கும். நம்பிக்கை ரப்பர் மரம்போல, நட்டு ஏழு வருடம் ஆகும் முன் கத்தி வைக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "ஆண்டவரே என்னை மன்னித்துவிட்டார், நீங்கள் யார்?" என்று சபையிடம் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிலுவையின் பெயரைச் சொல்லி, ஏமாந்தவர்களின் வாயை அடைக்கக் கூடாது. "உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருவாயாகில்" காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பது ஆண்டவருடைய வார்த்தை. வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவும் ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே கணக்கை எடுத்தான்: பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை.

2015 ஜூன் மாதம், மழை பெய்து வெட்டு நின்றிருந்த ஒரு நாள், களியக்காவிளையில் பஸ் மாறி அந்த அக்காவின் தம்பி வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகளில் தோல் உரிந்து கறுத்திருந்தது. பெருவிரலின் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். நோட்டில் எழுதிய வாக்கியத்தை அப்படியே சொன்னேன், ஏனென்றால் வேறு விதமாகச் சொல்ல ஆரம்பித்தால் என் மகன், என் கஷ்டம், அந்த விசாக்காரன் என்று காரணங்கள் உள்ளே வந்துவிடும். இதை நீங்களும் கவனியுங்கள். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" என்ற சொல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

அவர் எண்ணெய்ப் பாட்டிலை மூடினார். "இதை என்னிடம் ஏன் சொல்கிறாய்? நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியுமே. அன்றைக்கு அந்த முற்றத்தில் இருந்தவர்களிடம் போய்ச் சொல்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பது திரும்பும் பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது அவருடைய பொருள், எப்போது தருவது என்பதும் அவருடைய இஷ்டம்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண்களை ஒன்றாக நிறுத்திச் சொன்னேன். ஒருவர் விலகிப் போனார். ஒருவர் என்னை அடித்தார். அந்த அக்காவைப் பற்றித் தாங்கள் பேசிய பேச்சை நினைத்து இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர்மேல் நாலு பேர் முன் விழுந்த பழியை நாலு பேர் முன்தான் எடுக்க வேண்டும். அவரிடம் தனியாகச் சொல்லி முடிப்பது நமக்குச் சுலபம், அவருக்கு அதில் ஒன்றும் மீளாது.

பணத்துக்கு லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைப் பின்பற்றினேன்: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 3,000 என்பது 3,600 ஆனது. மாதம் 1,800 ரூபாய் ஒதுக்கினேன். கூலியில் கொஞ்சம், எனக்குக் கிடைக்கும் ஒட்டுப்பால், அதாவது வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கிடக்கும் பால், விற்ற காசு கொஞ்சம். இரண்டு மாதத்துக்கு ஒருவர் என்று 28 மாதம். முதல் பங்கை அந்த அக்காவிடம்தான் கொண்டுபோனேன். வாங்கவில்லை. "எனக்குக் கடைசியில் கொடு. நடுவில் விட்டுவிடுகிறாயா என்று பார்க்கிறேன்" என்றார். மற்ற 13 பேரில் இரண்டு பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளிடம் கொடுத்தேன். நீங்களும் இப்படித் தவணையாகவே வையுங்கள். கடன் வாங்கி ஒரே நாளில் அடைத்தால் மனப்பாரம் இறங்கும், ஆனால் மாதாமாதம் ஒரு வாசலில் போய் நிற்கும் பழக்கம் வராது. என்னை மாற்றியது அந்த வாசல்கள்தான்.

எல்லாத் தவறுக்கும் இப்படி நேரே போய் நிற்க முடியாது. நீங்கள் உடலால் துன்புறுத்திய ஒருவர், உங்களைப் பார்த்தாலே நடுங்குகிற ஒருவர் என்றால் போகாதீர்கள். உங்கள் மன நிம்மதிக்காக அவர் இன்னொரு முறை நடுங்கக் கூடாது. சட்டம் கேட்பதைச் சட்டத்திடம் கொடுங்கள், அவருக்குச் சேர வேண்டியதை வேறு ஒருவர் மூலம் அனுப்புங்கள்.

சரி, கணக்குத் தீர்ந்தது. நினைவு தீருமா? இதை மரத்தின் பக்கத்தில் வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

பால் வெட்டும்போது பட்டையை முழு ஆழத்துக்கு வெட்டக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர்ப்பட்டையைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு நிறுத்த வேண்டும். அவசரக்காரன் கை பட்டால் கத்தி உள்ளே இறங்கிவிடும். மரம் சாகாது. அந்த இடத்தில் புதுப்பட்டை வளரும், ஆனால் முண்டும் முடிச்சுமாக வளரும். வருடங்கள் கழித்து வெட்டு அதே பட்டைக்குத் திரும்பி வரும்போது கத்தி அங்கே தட்டும். தெரிந்த வெட்டுக்காரி அந்த முடிச்சின்மேல் கத்தியை அழுத்த மாட்டாள், இல்லாததுபோல இழுத்துக்கொண்டு போகவும் மாட்டாள். கையை இளக்கி அதைத் தாண்டுவாள். தாண்டியதும் பால் மறுபடி கோட்டில் இறங்கிச் சிரட்டையில் சொட்டும்.

"பின்னானவைகளை மறந்து" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில் "சபையைத் துன்பப்படுத்தினவன்" என்று தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவர் மறந்தது எதை? அந்தப் பழையது தனக்கு வழி காட்டுவதை விட்டுவிட்டார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இரவில் உங்கள் தவறு நினைவுக்கு வந்தால் அதோடு வாதாடாதீர்கள். "ஆம், செய்தேன். அதற்காக இன்னது செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள். விடியும் முன் வெட்டுக்குப் போக வேண்டும்.

ஊழியத்துக்கு வருவோம். பலர் இந்த இடத்தில் மேடையைத் தேடுகிறார்கள். சாட்சி சொல்ல அழைக்கிறார்கள், தவறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூட்டம். போகாதீர்கள், முதல் இரண்டு வருடமாவது போகாதீர்கள். எந்த இடத்தில் விழுந்தீர்களோ அந்த இடத்துச் சாவியையும் கேட்காதீர்கள். இன்றுவரை நான் காணிக்கைப் பையைத் தொடுவதில்லை. வீடுகளில் சபைக்கென்று எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியை அளக்கும் இடத்தில்கூட நான் நிற்பதில்லை. யாரும் தடுக்கவில்லை, நானே வைத்த வேலி. போதகரிடம், "பணமும் மைக்கும் இல்லாத வேலை ஏதாவது கொடுங்கள் ஐயா" என்று கேட்டேன். பக்கவாதம் வந்து கிடந்த ஒரு பாட்டியின் வீட்டுக்கு அனுப்பினார். கேரளத்துப் பஞ்சாயத்துகளில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடி வந்து கவனிக்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஒருவர், எல்லைக்கு அந்தப் பக்கம் என் சித்தி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவரிடம்தான் வேலையைக் கற்றேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும், சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

சீஷனான பேதுரு, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தது கரிநெருப்பின் பக்கத்தில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனுக்கு மீன் சுட்டுக் கொடுத்ததும் கரிநெருப்பில்தான். அந்தப் புகை வாசனையில் பேதுருவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆண்டவர் அதை மறைக்கவில்லை. அந்த நெருப்பின் பக்கத்திலேயே, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, என் ஆடுகளை மேய்ப்பாயாக என்றார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது லூக்கா 22:32. "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்ற வேலை, பேதுரு விழுவதற்கு முன்பே அவனுக்குக் கொடுக்கப்பட்டது. விழுவான் என்று தெரிந்துதான் கொடுத்தார்.

2017 அக்டோபரில் கடைசிப் பங்கை அந்த அக்காவிடம் கொண்டுபோனேன். ரேகை தேய்ந்த விரலில் நோட்டு வழுக்கியது, எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். எங்கள் சபைக்கு அவர் இன்னும் திரும்பவில்லை, அங்கேயே ஒரு சபைக்குப் போகிறார். ஆனால் தம்பி மனைவி படுக்கையில் விழுந்தபோது எனக்கு ஆள் அனுப்பினார்.

நீங்களும் இப்படி ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்தால், முந்தின இரவே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள், முதியவர்களின் தோல் காகிதம்போலக் கிழியும். தண்ணீரை முழங்கையில் ஊற்றிச் சூடு பாருங்கள், பால்வெட்டிக் காய்த்த உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. முதல் நாள் பிரசங்கம் வேண்டாம். முடித்துக் கிளம்பும்போது, அடுத்து எந்த நாள், எத்தனை மணி என்று படுத்திருப்பவரின் காதருகே சொல்லுங்கள். புதன் நாலு மணி என்று சொன்னால் அவர் மூன்றரைக்கே வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். மழையானாலும் நாலு மணிக்கு அங்கே இருங்கள்.