தட்டணு எண்ணிக்கையை நம்பும் முன்

கல்லீரல் புறநோயாளர் பிரிவில் எங்களுடன் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் படிப்பதில் நான் தொடக்க காலத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். அறிக்கையில் பெயர் மாறுவது போன்றவற்றை அவர்களே கண்டுகொள்வார்கள் என்பதால் இங்கே எழுதவில்லை.

ஊதா மூடிக் குழாயை அப்படியே நம்புதல்

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளில் கல்லீரலில் தழும்பு ஏற ஏற, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னுள் தேக்கிக்கொள்ள, அவற்றின் உற்பத்தியைத் தூண்டும் திராம்போபாய்ட்டினைச் சுரப்பதிலும் கல்லீரல் பின்தங்குகிறது. ஆகவே ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்துக்குக் கீழே எண்ணிக்கை இறங்கினால், தழும்பு முற்றிய நிலையான சிரோசிஸை நினைப்பது சரியே. இறங்கியது உண்மைதானா என்று பார்க்காமல் நினைப்பதுதான் பிழை.

ஹெபடைடிஸ் பி உள்ள 44 வயதுக்காரர் ஒருவருக்குத் தட்டணு 62,000 என்று வந்தது. கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 38, ஏஎல்டி 42. வயது, இந்த இரு நொதிகள், தட்டணு ஆகியவற்றைக் கொண்டு தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 சூத்திரத்தில் கணக்கிட்டேன், 4.16 வந்தது. 3.25-ஐத் தாண்டினால் முற்றிய தழும்பு என்று படித்திருந்ததால், அவரையும் அவர் மனைவியையும் எதிரே உட்கார வைத்துச் சிரோசிஸ் என்றே சொல்லிவிட்டேன். ஸ்கேனில் மண்ணீரல் இயல்பான அளவில் இருந்தது; அதைப் பார்த்தும் நான் நிற்கவில்லை. எண்டோஸ்கோபியில், போர்ட்டல் அழுத்தத்தால் வீங்கிய சிரை ஒன்றுகூட இல்லை என்று வந்த பிறகே, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரைக் கேட்டேன். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன.

ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ, சிலருடைய ரத்தத்தில் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. எண்ணும் கருவிக்கு ஒரு கொத்து, தட்டணுவாகவே தெரிவதில்லை. நீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில் மீண்டும் எடுத்தபோது 2 லட்சம் வந்தது. குழாயிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் அதை 1.1-ஆல் பெருக்க வேண்டும், ஆக 2.2 லட்சம். ஃபிப்-4 1.17-ஆக இறங்கியது, அதாவது முற்றிய தழும்புக்கு வாய்ப்பில்லை எனக் கொள்ளும் 1.45-க்கும் கீழே. இடைப்பட்ட மூன்று வாரமும் அந்த வீட்டில் மகளின் திருமணப் பேச்சு நின்றிருந்தது. ஸ்மியர் பார்க்க ஆய்வகத்துக்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. ஆய்வகத்தின் மீதல்ல, அதைக் கேட்காத என் மீது.

லட்சத்தைச் சூத்திரத்தில் இடுதல்

நம் ஆய்வகங்கள் 1.2 லட்சம் என்று எழுதும். தழும்பை மதிப்பிடும் மற்றொரு சூத்திரமான ஏப்ரியிலும் ஃபிப்-4-இலும் எண்ணிக்கையை ஆயிரங்களில் இட வேண்டும், அதாவது 120.

காய்ச்சல் நாளின் எண்ணிக்கை

டெங்கு இறக்கிய எண்ணிக்கையைக் கல்லீரலின் கணக்கில் எழுதக் கூடாது. காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுக்கவும்.

தட்டணுவைக் கொண்டு வைரஸை அளத்தல்

அது இயலாது. வைரஸின் அளவுக்குப் பிசிஆர் சோதனை இருக்கிறது.

எண்ணிக்கை ஏறியதும் விட்டுவிடுதல்

ஹெபடைடிஸ் சி மாத்திரைகளால் வைரஸ் நீங்கிய பின் பலருக்குத் தட்டணு மெல்ல ஏறுகிறது. நோயாளியும் மருத்துவரும் மகிழ்ந்து வருகையை நிறுத்திவிடுகிறார்கள். முன்பே சிரோசிஸ் வந்தவருக்குக் கல்லீரல் புற்றுநோயின் ஆபத்து குறைகிறதே தவிர நீங்குவதில்லை என்பதால், எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும்.