வாளையாறு டீக்கடையில் நாலு மொழிக்காரர் எதிர்ப்பட்டால்

லாரியை ஓரம் கட்டிவிட்டு வருகிறவர் போனில் தெலுங்கில் பேசிக்கொண்டே வருவார். கிளீனரிடம் தமிழில் ஒரு அதட்டல், கடைக்காரரிடம் மலையாளத்தில் டீ, பக்கத்து பெஞ்சில் இருக்கும் ஒடிசாக்காரரிடம் இந்தியில் ஒரு விசாரிப்பு. டீ ஆறுவதற்குள் நாலு மொழி. தமிழ்நாடு கேரள எல்லையில் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இது தினசரிக் காட்சி. பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு "நமக்கும் இப்படி வந்தால்!" என்று ஒரு சூடு ஏறும். அந்தச் சூடு பெரும்பாலும் வீடு போய்ச் சேருவதற்குள் இறங்கிவிடும். இறங்குமுன் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. மலையாளத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஆந்திர எல்லையில் சித்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் அந்த இடத்தில் தெலுங்கை வைத்துப் படிக்கலாம்.

முதலில், "உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?" என்று கேட்காதீர்கள். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். அடுத்து "எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்றால் "சும்மா, பழகிப் போச்சு" என்பார். பொய் இல்லை, ஆனால் நமக்கு உதவாது. சமையல்காரரிடம் கைப்பக்குவம் எப்படி வந்தது என்று கேட்பது போலத்தான். கேள்வியை வேலையின் மேல் வையுங்கள்:

"கடைசியா எந்த பாஷை வந்துச்சுங்கண்ணா? எதுக்காகத் தேவைப்பட்டுச்சு?"
"முதல் வாரத்துல எந்த வார்த்தை இல்லாம வேலை நடக்கல?"
"இப்பவும் எங்க மாட்டிக்கிறீங்க?"

மூன்றாவது கேள்விதான் பொன். பெரும்பாலும் இப்படி ஏதாவது வரும்: சரக்கு ஏற்ற, இறக்க, டீசல் போட, சாப்பாடு சொல்ல, வழி கேட்க எல்லாம் தெலுங்கில் சரளம், ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்லவோ பேப்பர் படிக்கவோ வராது. வெளியில் இருந்து பார்க்கும்போது கடலாகத் தெரிந்தது, உள்ளே போனால் நாலு கிணறு. இதில் குறை ஒன்றும் இல்லை, பாடமே அதுதான். ஒரு மொழியை முழுதாகக் கற்க வேண்டாம். உங்கள் வேலைக்கான கிணறு ஒன்றைத் தோண்டினால் போதும். முதல் கிணற்றுக்கு எண்பது சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கணக்குப் பார்க்கும் நேரத்திலோ சாப்பிடும் நேரத்திலோ குறுக்கிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம். டீக்கு நீங்கள் காசு கொடுத்துவிடுங்கள். கிளம்புமுன் ஒன்று கேட்டு வாங்குங்கள்: நாளை நீங்கள் நிஜமாகவே பேசப்போகும் ஒரு வாக்கியம், அவர் குரலில். போனில் பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுவிட்டு. பதினைந்து விநாடிப் பதிவு போதும். வீட்டுக்குப் போன பிறகு பத்து தடவை கேட்கலாம்.

அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, கேட்டதை எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் பாதி போய்விடும். தொடக்கத்துக்கு இந்த ஐந்தும் கையில் இருக்கட்டும்: "இதினு மலையாளத்தில் எந்தா பறயுக?" (இதற்கு மலையாளத்தில் என்ன சொல்வது), "ஒன்னுகூடி பறயாமோ?" (இன்னொரு தடவை சொல்ல முடியுமா), "பதுக்கெ" (மெதுவாக), "மனஸ்ஸிலாயில்ல" (புரியவில்லை), "எத்ரயாயி?" (எவ்வளவு ஆச்சு). முதல் வாக்கியம் ஒரு சாவி. அது வாயில் நின்றுவிட்டால் மற்ற சொற்களைக் கடைக்காரரே கொடுப்பார்.

தமிழ் எழுத்தில் மலையாளத்தை எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. 'பலம்' என்று எழுதி வைத்தால், மறுநாள் அது வலிமையா விளைவா என்று தெரியாது. மலையாளத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு, ஒலியும் வேறு. தொண்டை அதிரும் ஒலிக்கு எழுத்தின் அடியில் ஒரு கோடு, மூச்சு விட்டுச் சொல்லும் ஒலிக்கு மேலே ஒரு புள்ளி என்று முதல் நாளே ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தப்பான ஒலி வாயில் ஊறிவிடும். மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

தமிழருக்கு இலவசமாகக் கிடைப்பது நிறைய. ஒலி மாறும் தடத்தைப் பிடித்தால் நூற்றுக்கணக்கான சொல் கூலியில்லாமல் வரும். கடைசி ஐகாரம் அகரமாகும்: மலை மல, தலை தல, வாழை வாழ, இலை இல. 'ங்க' பல இடங்களில் 'ங்ங' ஆகும்: தேங்காய் தேங்ங, மாங்காய் மாங்ங. முதலமடை மாங்காய் மண்டியில் அரை மணி நேரம் நின்றால் இந்த 'ங்ங' காதை விட்டுப் போகாது. 'ஞ்ச' பல இடங்களில் 'ஞ்ஞ': கஞ்சி கஞ்ஞி. வினையில் 'ந்து' 'ந்நு' ஆகும்: வந்து வந்நு, நடந்து நடந்நு. 'ன்று' 'ன்னு' ஆகும்: ஒன்று ஒன்னு, மூன்று மூன்னு. மலையாள எழுத்தில் இந்த இரண்டு நகரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒலி மட்டும் வேறு. ந, ன இரண்டையும் எழுதிப் பழகியவருக்கு அந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். ஆனால் தடத்தை எல்லா இடத்திலும் ஓட்டாதீர்கள். தங்கம் தங்கமேதான், எந்து எந்துதான்.

வினைமுற்றில் இன்னும் பெரிய சலுகை. வந்தேன், வந்தாய், வந்தார்கள், வந்தது என்று நாம் ஆளுக்கொரு விகுதி போடுகிறோம். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவர் வந்நு, பசு வந்நு. எல்லாம் வந்நு. இதில்தான் தமிழர் அதிகம் வழுக்குவது: நாக்கு தானாக "ஞான் வந்நேன்" என்று வால் ஒட்டிவிடும். எதிர்காலத்தில் "ஞான் வரும்" என்று சொல்ல வாய் கூசும். நம் காதுக்கு அது யாரோ மூன்றாம் ஆள் வருவதாகக் கேட்கிறது. கூச்சம் போக ஒரு வழி: பத்து வினையை எடுத்து, ஞான், நீ, அவள், அவர், பஸ் என்று எழுவாயை மாற்றி மாற்றி ஐந்து நிமிடம் உரக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் தொடர்ந்து சொன்னால் வால் விழத் தொடங்கும்.

இனி ஒற்றுமையே குழி பறிக்கும் இடங்கள். வெள்ளம் என்றால் அங்கே குடிக்கும் தண்ணீர். அவசரம் என்றால் வாய்ப்பு. சம்சாரம் என்றால் பேச்சு. "சம்சாரிக்கணும்" என்று ஒருவர் சொன்னால் பேச வேண்டும் என்கிறார், மனைவியைப் பற்றிய சேதி அல்ல. 'கழிக்குக' என்பது சாப்பிடுவது. முதல் தடவை கேட்கும் தமிழர் முகம் மாறத்தான் செய்யும். பட்டி என்றால் நாய். இதையெல்லாம்விட நுட்பமானது பணியும் பனியும். முன்னது வேலை, பின்னது காய்ச்சல். பேச்சுத் தமிழில் ண, ன வேறுபாட்டைத் தேய்த்துவிட்டவர், வேலை இருக்கிறது என்று சொல்லப்போய்க் காய்ச்சல் என்று சொல்லி, "மருந்து கழிச்சோ?" என்ற விசாரிப்பை வாங்கிக்கொள்வார்.

இல்ல, அல்ல இரண்டையும் தனியாகப் பழகுங்கள். பேச்சுத் தமிழில் 'அல்ல' ஏறக்குறைய செத்துவிட்டது, எல்லாவற்றுக்கும் இல்லைதான். மலையாளத்தில் 'வண்டி இல்ல' என்றால் வண்டியே கிடையாது. 'என்றெ வண்டி அல்ல' என்றால் வண்டி இருக்கிறது, என்னுடையது இல்லை. செக்போஸ்ட்டில் இது மாறினால் வீண் சிக்கல்.

மரியாதையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். கொங்கு வாயில் மரியாதை வினையின் வாலில், 'ங்க'வில் இருக்கிறது. அந்த 'ங்க'வை ஒட்ட மலையாள வினையில் இடம் இல்லை. சேட்டா, சேச்சி என்ற விளிதான் அந்த வேலையைச் செய்கிறது. "ஒரு சாய தராமோ சேட்டா?" என்றால் நம் "ஒரு டீ குடுங்கண்ணா"வுக்குச் சமம். 'நிங்ஙள்' நம் 'நீங்கள்' போலத் தோன்றும். மலபார்ப் பக்கம் செல்லும், ஆனால் தெற்கே திருவிதாங்கூர்ப் பக்கம் மூத்தவரை அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சந்தேகம் வந்தால் சேட்டனே பாதுகாப்பு.

மலையாளத்துக்கு முதல் பெரிய அகராதிகளில் ஒன்றைத் தந்த ஹெர்மன் குண்டர்ட்டும் தமிழ் வழியாக வந்தவர்தான். ஜெர்மானியரான அவர் 1836இல் இந்தியா வந்து, திருநெல்வேலியிலும் சித்தூரிலும் இருந்துவிட்டு, 1839இல் தலைச்சேரியில் குடியேறினார். தமிழ் அதற்கு முன்பே கைவந்திருந்தது. இருபது வருடம் ஊராரிடம் கேட்டுக் கேட்டுச் சொல் சேர்த்தார். 1859இல் ஊர் திரும்பிய பிறகும் வேலையை விடவில்லை. மலையாள ஆங்கில அகராதி 1872இல் வெளிவந்தது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. கேட்ட சொல்லை, சொன்னவர் யார், எந்த இடத்தில் சொன்னார் என்பதோடு எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 'கரிக்கு, இளநீர், கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்ட் வண்டிக்காரர்' என்று எழுதிய சொல் மறக்காது. வெறும் பட்டியலில் இருந்தால் மறக்கும்.

நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் என்பது வேலைக்காகாது. எழுதிய சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் திரும்பப் பாருங்கள். பார்க்கும்போது தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து மலையாளத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கமாகச் செய்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், வாய் திறக்கும்போது ஒன்றும் வராது. சீரியலும் பாட்டும் காதுக்கு நல்லது, வாய்க்கு அல்ல.

வாரம் ஒரு தடவை பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு டவுன் வரை ரயிலில் போய்வர முடிந்தால் அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம் என்று பெயர்ப்பலகை வரிசையாக வரும். ஊர்ப்பெயர் முன்பே தெரிந்ததால் மலையாள எழுத்தைப் பலகையே சொல்லித் தரும். ண, ய, வ எல்லாம் நம் எழுத்தின் சாயல். எகரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதும் நம்மைப் போலவே. இடறுவது இரண்டு இடத்தில்: ஒன்று, ன், ண், ர், ல், ள் இவற்றுக்குப் புள்ளி வைக்காமல் 'சில்லு' என்று தனி வடிவமே இருக்கிறது, மற்றொன்று, ஒன்றோடொன்று ஒட்டிய கூட்டெழுத்துகள். சில்லு ஐந்தையும் முதலில் முடித்துவிடுங்கள். கூட்டெழுத்து போகப்போக வரும்.

எல்லையில் பெரிய தடை, எதிரில் இருப்பவருக்கும் தமிழ் தெரியும் என்பதுதான். கொழிஞ்சாம்பாறையில் நீங்கள் மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில் வரும். உங்கள் உச்சரிப்பு மோசம் என்று அர்த்தம் இல்லை. உங்களுக்கு உதவுகிறார்கள், அல்லது அவர்கள் வீட்டு மொழியே தமிழ். "மலையாளத்தில் பறஞ்ஞால் மதி சேட்டா, படிக்குகயாணு" (மலையாளத்திலேயே சொன்னால் போதும், கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தாங்கும். அதற்கு மேல் கூட்டம் இருக்கும் கடையில் வற்புறுத்தினால் தொல்லை. தமிழ் வாய்ப்புக் குறைய வேண்டுமானால் பாலக்காடு தாண்டி ஒற்றப்பாலம் பக்கம் போய்விடுவது நல்லது. வழியில் கஞ்சிக்கோடு ஆலைப்பகுதியில் வடநாட்டுத் தொழிலாளிகள் தட்டுத் தடுமாறியாவது மலையாளத்திலேயே சாமான் வாங்குவதைப் பார்க்கலாம். அவர்களுக்குத் தமிழ் என்ற தப்பிக்கும் வழி இல்லை.

பத்தாம் நாள் அதே டீக்கடைக்குப் போய், அதே ஆளிடம் பத்து வாக்கியம் பேசிக் காட்டுங்கள். பாராட்டு எதிர்பார்க்க வேண்டாம். எந்தச் சொல்லில் அவர் திருத்துகிறார் என்று கவனியுங்கள். அனேகமாகக் 'காற்று'வில் திருத்துவார். நாம் பேச்சில் காத்து என்கிறோம். அங்கே அந்த 'ற்ற' நாக்கு நுனி மேலண்ணத்தின் முன்விளிம்பில் தட்டி, அசல் றகர ஒலியாகவே வர வேண்டும். ஒரு வேளை லாரி கிளம்பிவிட்டிருந்தால், கல்லாவில் இருப்பவரிடம் ஒரு சாய சொல்லி ஆரம்பியுங்கள். அவருக்கும் மூன்று மொழி தெரியும்.